இணைசேரும் காலம் முடிந்த பிறகு மூஸ் வேட்டை: முற்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கனடாவின் கிழக்கிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் மூஸ் (பெரிய கொம்புள்ள காட்டு மான்) வேட்டைக்கு இடம் இருக்கிறது என்று நம்மவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் செய்திகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கூப்பிட்ட சத்தத்துக்குக் கொம்பை ஆட்டியபடி ஓடிவரும் ஆண் மூஸ் ஒன்றின் வீடியோ, கீழே ஒரு தொலைபேசி எண், “கடைசி இடங்கள்” என்று ஒரு வரி. அப்படி ஒரு செய்தியைப் பார்த்துத்தான் ரொறன்ரோவிலிருந்து நானும் மச்சானும் இரண்டு நண்பர்களும் போனோம். எங்களுக்குச் சொன்னது ஒன்று, அங்கே கிடைத்தது வேறு. முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால் பெயர்களை இங்கே போடவில்லை. இதே விதத்தில் யார் விற்றாலும் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஏன் நியூபவுண்ட்லாந்து என்று கேட்பவர்களுக்காக: அந்தத் தீவில் மூஸ் இயற்கையாக இருந்ததே இல்லை. 1878இல் ஒரு சோடியையும், 1904இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கையும் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்த ஓநாய்களும் 1930 வாக்கில் அழிந்துவிட்டன. இன்று வட அமெரிக்காவில் மூஸ் மிக அடர்த்தியாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒன்ராறியோவில் 2021இலிருந்து புள்ளி சேர்த்துத்தான் டேக் (ஒரு மூஸைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) எடுக்க வேண்டியிருக்கிறது. வருடக்கணக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு அந்தத் தீவின் பெயரைக் கேட்டாலே ஆசை வரும். ஆனால் வெளி மாகாணத்தவர் அங்கே நினைத்தபடி போய்ச் சுட முடியாது. பெரும்பாலும் அனுமதி பெற்ற வேட்டை முகாம் ஒன்றின் வழியாக, லைசன்ஸ் உள்ள வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஆகவே முகாமும் வழிகாட்டியும் சரியில்லை என்றால் அங்கே போன பிறகு நீங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இடையில் நின்று எங்களைச் சேர்த்துவிட்டவர் தமிழர். “அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. கூப்பிட்ட உடனே ஓடிவரும். இந்தக் கிழமையை விட்டா அடுத்த வருசம்தான்” என்றார். ஆளுக்கு ஐயாயிரம் டொலருக்கு மேல். அதில் பாதியை முன்கூட்டியே கேட்டார். முகாமின் கணக்குக்கு இல்லை, தன்னுடைய சொந்தக் கணக்குக்கு இ-டிரான்ஸ்ஃபர் செய்யச் சொன்னார். அப்படி அனுப்பிய பணத்தை எதிர்த் தரப்பு ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி எடுப்பது மிகக் கடினம். கிரெடிட் கார்ட் எடுக்கமாட்டோம், ரசீது முகாமில் தருவோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அவர் அனுப்பிய வீடியோ உண்மையான வீடியோதான். எடுத்த காலம்தான் வேறு. மூஸ் இணைசேருவது செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை. அந்த நாட்களில் பெண் மூஸ் போலக் கத்தினால் ஆண் உண்மையிலேயே வரும். மரத்தில் கொம்பை உரசும் சத்தத்துக்குக்கூடச் சண்டைக்கு வரும். அது முடிந்ததும் நிலைமை தலைகீழ். இணைசேரும் வாரங்களில் பெரிய ஆண்கள் கிட்டத்தட்டத் தின்பதே இல்லை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் இழந்திருக்கும். அதற்குப் பிறகு அவற்றுக்குத் தேவை தீனியும் ஓய்வும் மட்டும்தான். அடர்ந்த காட்டுக்குள் புகுந்து, கொஞ்ச தூரத்துக்குள்ளேயே தின்பதும் படுப்பதுமாக இருக்கும். ஒரு மாதம் முன்பு மோதிக்கொண்ட ஆண்களே இப்போது சேர்ந்து திரியும்.

முதல் தடவை சினைப்படாத பெண்கள் சுமார் 24, 25 நாள் கழித்து மறுபடி இணைசேரத் தயாராவதுண்டு. அதனால் ஒக்டோபர் கடைசியில் கூப்பிட்டு ஒன்று வருவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் அதை நம்பி ஒரு கிழமையை விற்கக் கூடாது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணைசேரும் காலம் முடிந்த வேட்டை மோசமான வேட்டை அல்ல. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். இலை உதிர்ந்து காடு திறந்திருக்கும். புதுப் பனி விழுந்த காலையில் தடமும் புழுக்கையும் ஒடித்துத் தின்ற நுனிகளும் தெளிவாகத் தெரியும். விடியலிலும் அந்தியிலும், மரம் வெட்டிய இடங்களில் முளைத்து நிற்கும் இளம் பேர்ச், பால்சம் ஃபிர் செடிகளைத் தேடி மூஸ் வரும். தொலைநோக்கியோடு ஒரே இடத்தில் பொறுமையாக இருக்க வேண்டும், அல்லது காற்று முகத்தில் படும்படி தடத்தின் பின்னால் மெதுவாக நடக்க வேண்டும். வேட்டையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காலம் இல்லை. அப்படித் தெரிந்து விற்கும் நேர்மையான முகாம்களும் இருக்கின்றன. செப்டெம்பரின் பெயரைச் சொல்லி நவம்பரை விற்பவர்களைப் பற்றித்தான் என் கோபம்.

நோவா ஸ்கோஷியாவில் நோர்த் சிட்னி வரை ஓடி, அங்கிருந்து போர்ட் ஓ பாஸ்க் போகும் கப்பலில் ஏறினோம். நல்ல காலநிலையில் அதுவே ஏழு மணித்தியாலம் அளவில் எடுக்கும். ட்ரக்கின் பின்னால் பெரிய பிரீசர், ஜெனரேட்டர் எல்லாம் கட்டிக்கொண்டு போயிருந்தோம்.

முகாமில் லைசன்ஸைக் கையில் தந்தபோது முதல் அடி. ஆணோ பெண்ணோ எதையும் சுடலாம் என்ற லைசன்ஸ் என்று பேசியிருந்தோம். அதில் ஆண் மட்டும் என்று இருந்தது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஆண் மெலிந்திருக்கும். பெண்ணின் உடம்பில்தான் கொழுப்பு இருக்கும், இறைச்சியும் நன்றாக இருக்கும். கொம்புக்காகப் போகாமல் வீட்டுச் சாப்பாட்டுக்காகப் போகிறவருக்கு இந்த வித்தியாசம்தான் பெரிது. கேட்டதற்கு முகாம்காரர் இடைத்தரகரைக் காட்டினார், இடைத்தரகர் முகாம்காரரைக் காட்டினார்.

அடுத்தது வழிகாட்டி. இரண்டு பேருக்கு ஒருவர் என்று பேச்சு. நான்கு பேருக்கும் ஒரே ஒரு இளைஞர்தான் இருந்தார். அவருடைய வழிகாட்டி லைசன்ஸைக் காட்டச் சொன்னேன். வீட்டில் இருக்கிறது என்றார். கடைசி வரை காட்டவில்லை. காலையில் எங்களை ட்ரக்கில் ஏற்றி, மரம் வெட்டும் பாதைகளில் மத்தியானம் வரை ஓட்டுவார். இடையிடையே இறங்கி, செப்டெம்பரில் கூப்பிடுவதுபோல உரக்கக் கூப்பிடுவார். ஐந்து நிமிடம் நிற்பார், திரும்பவும் ட்ரக். ரைபிளில் தோட்டாவைப் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கண்டவுடன் குதிக்க வசதியாக இருக்கும் என்றும் சொன்னார். வாகனத்துக்குள் தோட்டா போட்ட துப்பாக்கி சட்டப்படி குற்றம். பிடிபட்டால் வழக்கு எங்கள் மேலும் வரும். நாங்கள் மறுத்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

ஒரு நாள் இரவு பனி கொட்டியிருந்தது. விடியலில் பாதையைக் குறுக்கே கடந்து ஃபிர் காட்டுக்குள் போகும் தடம், விளிம்பு உடையாமல் அப்படியே கிடந்தது. போய் அதிக நேரம் ஆகியிருக்காது. பின்னால் போகலாம் என்று மச்சான் கெஞ்சாத குறை. “நாலு பேரையும் வச்சுக்கொண்டு காட்டுக்குள்ள போக ஏலாது” என்ற பொருளில் வழிகாட்டி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அந்தக் கிழமையில் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல சந்தர்ப்பம் அதுதான்.

மூஸ் கிடைக்காமல் திரும்பினால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்கமாட்டேன். வேட்டையில் உத்தரவாதம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு ஒன்று கிடைத்தது. அதற்கு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தி நேரத்தில், ஒரு வெட்டுக்காட்டின் ஓரத்தில் நின்ற இளம் ஆணை நண்பர் ஒரே சூட்டில் விழுத்தினார். டேக்கைக் கட்டினோம். குடலை எடுத்தோம். தோலை உரித்து நான்காகப் பிரித்துத் தொங்கவிட வேண்டும் என்று சொன்னேன். “இந்தக் குளிரில் கெடாது, காலையில் பார்க்கலாம்” என்று சொல்லி, தோலோடு பிளாஸ்ரிக் விரிப்பில் சுற்றி முகாமின் கொட்டிலில் போட்டார்கள். நாங்கள் உரிக்க வெளிக்கிட்டபோது கத்தியையும் விளக்கையும் தரவில்லை. முகாமின் ஆட்கள்தான் அதைச் செய்ய வேண்டுமாம். மூஸின் தோல் தடித்த கம்பளிப் போர்வை மாதிரி. வெளியே உறைந்தாலும் உள்ளே தொடை எலும்பைச் சுற்றியுள்ள சூடு இரவு முழுவதும் அடங்காது. இறைச்சி கெடத் தொடங்குவதும் அங்கேதான். காலையில் வெட்டியபோது இரண்டு பின்தொடைகளிலும் எலும்போரம் பச்சை பிடித்து நாறியது. அவ்வளவு பெரிய உயிரைக் கொன்றுவிட்டு அதன் நல்ல இறைச்சியை அள்ளிக் கொட்டியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. உண்ணக்கூடிய இறைச்சியை வீணாக்குவது சட்டத்துக்கும் விரோதம்.

போதாததற்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் பரிசு மாதிரிப் பொதி கட்டித் தந்தார்கள். மூஸின் இந்த உறுப்புகளில் காட்மியம் சேருகிறது, தின்ன வேண்டாம் என்று கனடாவில் பல மாகாணங்கள் அறிவுறுத்துகின்றன. வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். மூஸ் விழுந்துவிட்டது, ஆகவே வேட்டை வெற்றி என்றார்கள். பிறகு அடுத்த வருடம் அதே வாரத்துக்கு விலைக்கழிவு தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டோம். லைசன்ஸ், படங்கள், வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து மாகாண வனவிலங்குப் பிரிவுக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இடைத்தரகர் இப்போது எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. அந்த வீடியோவை மட்டும் இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்.

யாராவது இந்த வாரங்களுக்கு முற்பணம் கட்டும் யோசனையில் இருந்தால், முதலில் முகாமோடு நேரே பேசுங்கள், இடையில் நிற்பவரோடு வேண்டாம். ஒக்டோபர் 20க்குப் பிறகு எப்படி வேட்டையாடுவீர்கள் என்று கேளுங்கள். கூப்பிடுவோம் என்பதைத் தவிர வேறு பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். தடம் பார்ப்பது, உட்கார்ந்து பார்ப்பது, எந்தப் பகுதியில் புது வெட்டுக்காடு இருக்கிறது என்று அவராகவே சொல்லத் தொடங்கினால் மேலே பேசலாம். லைசன்ஸ் எந்த வகை, எந்தப் பகுதி, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வழிகாட்டியின் லைசன்ஸைப் போன அன்றே பாருங்கள். போன வருடம் அதே வாரத்தில் வந்தவர்களின் தொலைபேசி எண் கேளுங்கள். செப்டெம்பரில் வந்தவர்களின் எண் உங்களுக்கு உதவாது.

இறைச்சியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்: எப்போது உரிப்பார்கள், எங்கே தொங்கவிடுவார்கள், குளிரறை இருக்கிறதா, காற்றுப் போகும் பருத்திப் பைகள் இருக்கின்றனவா. நாங்கள் இப்போது பைகள், கத்தி, சிறு எலும்பு வாள், கயிறு, தலைவிளக்கு எல்லாவற்றையும் எங்களுடையதாகவே வாங்கி வைத்திருக்கிறோம். சுட்ட இடத்திலேயே நாங்களே உரித்துப் பிரிப்போம் என்பதையும் அடுத்த ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கப்போகிறோம்.