கடலூர் உப்புக்காற்றில் ஆறு ஆண்டுகள்: இடுப்பில் இருக்கும் மல்டிடூல்

என் வீடு கடலூர் முதுநகரில். தினமும் பைக்கில் புதுச்சேரிக்குப் போய் இணைய கேபிள் இணைப்பு வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் அண்ணனின் ஃபைபர் படகில் துணைக்குப் போவேன். ஏணியில் நிற்கும்போதும் படகில் இருக்கும்போதும் கருவிப்பை எங்கோ கிடக்கும். இடுப்பில் இருப்பதுதான் கைக்கு வரும்.

முதலில் வாங்கியது பெயர் தெரியாத ஒரு மலிவு மல்டிடூல்; குறடு, கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் கருவி. அட்டையில் 'துருப்பிடிக்காத எஃகு' என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். ஒரு ஐப்பசி மழை நாளில் படகில் வலையை அறுத்துவிட்டு ஈரத்தோடு உறைக்குள் போட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்து எடுத்தபோது குறடு திறக்கவே இல்லை. மூட்டுக்குள் துரு பூத்து இறுகிப்போயிருந்தது.

அதன் பிறகுதான் எஃகைப் பற்றிப் படித்தேன். எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகி இரும்பைக் காக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். காற்றோட்டமில்லாத இடுக்குகளில், அதாவது மூட்டுகளில், அரிப்பு முதலில் தொடங்குகிறது. கத்தியின் கூர்மை நிற்பதற்காகக் கார்பனைக் கூட்டினால், குரோமியத்தில் ஒரு பகுதியை அது தன்னோடு பிணைத்துக்கொள்கிறது; காவலுக்கு மிஞ்சுவது குறைந்துவிடுகிறது. புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான பிரெஞ்சிலிருந்து ஓர் உதாரணம்: சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸின் பெயரில் உள்ள 'இனாக்ஸ்' துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். முன்பாதியான 'விக்டோரியா' நிறுவனரின் தாயார் பெயர். ஆனால் எந்த இனாக்ஸையும் வங்கக் கடலோரத்தில் கவனிக்காமல் போட்டுவைக்கக் கூடாது.

அடுத்ததை வாங்குமுன் ஒரு மாதம் வேலை நோட்டில் குறித்து வந்தேன். இன்று எந்தக் கருவியைத் தேடினேன் என்பது மட்டும்தான் குறிப்பு. குறடும் கம்பிவெட்டியும் பக்கம் பக்கமாக வந்தன. அடுத்து கத்தி, பிறகு ஸ்க்ரூடிரைவர். ரம்பம் இரண்டே முறை. பாட்டில் திறப்பான் ஒருமுறைகூட இல்லை. வாங்க நினைக்கும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்: கருவிகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், உங்கள் நோட்டைப் பாருங்கள்.

2019இல் லெதர்மேன் நிறுவனத்தின் வேவ் பிளஸ் என்ற மல்டிடூலை வாங்கினேன். எடை 241 கிராம்; சட்டைப்பையில் வேண்டாம், பெல்ட் உறைதான் சரி. கைப்பிடிகளை விரிக்காமலே, ஒரே கையால் கத்தியைத் திறக்கலாம். மறு கை ஏணியைப் பிடித்திருக்கும் எனக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. இரண்டாவது கத்தி பல் வைத்தது. நைலான் கயிற்றில் வழவழப்பான கத்தி வழுக்கும் இடத்தில் இது கடித்துக்கொண்டு அறுக்கிறது. அண்ணன் முதல் நாளே, "தம்பி, கடலில் விழுந்தால் விழுந்ததுதான். கயிறு போட்டுக் கட்டிக்கொள்" என்றார். படகில் ஏறினால் இன்றும் கட்டிக்கொள்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கைப்பிடிகள் வெறும் உலோகம், மின்காப்பு கிடையாது. கம்பி சீவும் வசதி இருக்கிறதே என்று மின்சாரம் ஓடும் கம்பியில் யாரும் வைத்துவிடாதீர்கள். மின்வேலைக்கு மின்காப்புக் கைப்பிடி கொண்ட கட்டிங் பிளேயர்தான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவில், எங்கள் சமையலறைத் தகரக் கூரை ஒரு பக்கம் பிய்ந்து அடித்துக்கொண்டது. டார்ச்சை அம்மா பிடிக்க, கட்டுக்கம்பியை இந்தக் குறட்டால் முறுக்கிச் சட்டத்தோடு இறுக்கினேன். இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளமும் வந்தது. வாரம் முழுக்கச் சேற்றிலும் நீரிலும் கிடந்த வேலை. ஆனால் ஒவ்வொரு இரவும் கருவியைக் கழுவினேன்.

கழுவுவது பெரிய வேலை இல்லை. நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் திறந்து அலசி, பழைய பல்துலக்கியால் மூட்டைத் தேய்த்து, துணியால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் இரவு முழுக்க விரித்துவைப்பேன். காலையில் மூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்துவிட்டது. தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதனால் இரவில் கருவியை உறைக்குள் விடுவதில்லை.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு எடை தேவையில்லை. கத்தரிக்கோல் உள்ள சிறிய சுவிஸ் கத்தியே போதும். என் தங்கைக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். சென்னையில் விமானம் ஏறுவதாக இருந்தால், கத்தி உள்ள எதையும் கைப்பையில் வைக்காமல், சரக்காக அனுப்பும் பெட்டியில் வையுங்கள்.

ஆறு ஆண்டு கேபிள் வெட்டியதில் கம்பிவெட்டியின் விளிம்பு மழுங்கிவிட்டது. இந்த மாடலில் அந்தத் துண்டுகளை மட்டும் திருகைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். புதியவற்றுக்குச் சொல்லியிருக்கிறேன், வரும்வரை மெல்லிய கம்பிகளை மட்டும் இதில் வெட்டுகிறேன்.