‘ஒரிஜினல் சிறுவிடைக் குஞ்சு’ வாங்கப் போகிறீர்களா?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, கறிக்கு நாமே சிறுவிடை, அதாவது சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி வளர்க்கலாமே என்று போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டம் வடமதுரைப் பக்கம். வியாழக்கிழமை காலையில் அய்யலூர் சந்தைக்குப் போனால் கோழி கையிலேயே கிடைக்கும். ஆனால் அந்த வீடியோவில் வந்த சேவல் என்னை மயக்கிவிட்டது. ‘தூய சிறுவிடை, ஒரு நாள் குஞ்சு 70 ரூபாய், எல்லா ஊசியும் போட்டாச்சு, வளர்ந்ததும் நாங்களே திரும்ப எடுத்துக்குவோம்’ என்றார் அந்த ஆள். திரும்ப எடுக்கிறேன் என்ற வாக்கை நம்பி, பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வளர்த்தவர்கள் 2012-ல் பணத்தை இழந்து பட்ட பாடு எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் 60 குஞ்சுக்கு 4,200 ரூபாயை அனுப்பினேன். பஸ் கூலி 250 தனி.

பெட்டி விடிகாலையில் வந்தது. திறந்தபோதே இரண்டு விறைத்துக் கிடந்தன. மற்றவை கண்ணை மூடித் தூங்கி வழிந்தன. வெல்லத் தண்ணீர் வைத்து, உமி பரப்பி, 100 வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டும் மூன்று நாளில் மொத்தம் ஏழு போயிற்று. போன் செய்தால், ‘பயணத்துல அப்படித்தாண்ணே, சூடு பத்தலை, உங்க பல்பு சரியில்லை’ என்றார். சரி, நமக்குத்தான் அனுபவம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது வாரம் கோழிகளைக் கொத்தாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. ஒரு குஞ்சு கழுத்தை முறுக்கித் தலையை முதுகில் வைத்துக்கொண்டு வட்டம் அடித்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நாலைந்து நாளில் 24 குஞ்சுகளைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

கால்நடை மருந்தக டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியிலேயே என் புத்தி எனக்குத் தெரிந்துவிட்டது. “ஒரு நாள் குஞ்சுக்கு எல்லா ஊசியும் எப்படிங்க போட முடியும்?” முதல் வாரத்தில் கண்ணில் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துச் சொட்டு, இரண்டாவது வாரம் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, நாலாவது வாரம் மறுபடி லசோட்டா, எட்டு வாரம் தாண்டினால் இறக்கையில் ஊசி. இதெல்லாம் வளர்க்கிறவன் செய்ய வேண்டிய வேலை. மருந்தை ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். நோய் வந்தபிறகு அதற்கு மருந்தே இல்லை, வராமல் தடுக்கத்தான் முடியும். இதில் என் தப்பும் பாதி இருக்கிறது, மறைக்கவில்லை.

மிச்சம் 29. அவை திமுதிமுவென்று வளர்ந்தன, சந்தோஷமாகத்தான் இருந்தது. எண்பது நாளிலேயே ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டியது. சிறுவிடை அந்த எடைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும் என்று அம்மா அப்போதே முணுமுணுத்தார். இன்னொன்றையும் அவர்தான் கவனித்தார். நம் வீட்டுக் கோழி குஞ்சு பொரித்தால் ஒன்று கறுப்பு, ஒன்று வரி, ஒன்று சாம்பல் என்று கலந்து நிற்கும். இவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறம், ஒரே உயரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவல் ஒன்றை அறுத்தோம். இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, தென்னம்பாளைத் தீயில் வாட்டினேன். தோல் சுருங்கி மஞ்சளாகப் பளபளக்க வேண்டியது, எண்ணெய் கசிந்து சடசடவென்று தீயில் சொட்டியது. வயிற்றைக் கீறினால் குடலைச் சுற்றி விரல் தடிமனுக்குக் கொழுப்பு. அம்மா எதுவும் பேசாமல் குழம்பை வைத்தார். இருபது நிமிஷத்தில் கரண்டியால் ஒரு துண்டை அழுத்திப் பார்த்துவிட்டு, “வெந்துருச்சுடா. இது நாட்டுக்கோழி இல்ல” என்றார். ருசி பரவாயில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நான் காசு கொடுத்தது இதற்கில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போட்டோ காட்டினேன். வேறு இனம் கலந்த கிராஸ் கோழி என்றார். கிராஸ் வளர்ப்பது ஒன்றும் தப்பில்லை, பலர் அதையே வளர்த்துப் பிழைக்கிறார்கள். கிராஸ் குஞ்சு என்று சொல்லி, கிராஸ் குஞ்சின் விலைக்கு விற்றிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அதே சேவல், அதே வீடியோ, இப்போது வேறு எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

குஞ்சு வாங்குவதானால் நேரில் போய்த் தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்கள். அடை உட்கார்ந்த கோழி ஒன்றாவது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் வண்டியைத் திருப்புங்கள்.

மிச்சமிருந்த 28 கோழியையும் டவுன் கறிக்கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். 37 கிலோ, கிலோ 190. நாலு மூட்டைத் தீவனக் காசுகூடத் தேறவில்லை. கிராஸ் என்று சொல்லித்தான் கொடுத்தேன். சாயங்காலம் அந்த வழியாக வந்தபோது கடை வாசலில் சிலேட்டு தொங்கியது: ‘நாட்டுக்கோழி உயிருடன் கிலோ 420’.