கயிறு வியாபாரி வாங்கிய கப்பல் அகராதி

பொள்ளாச்சியில் மஞ்சி மில், அதாவது தேங்காய் நார் மில் வைத்திருக்கிறேன். எனக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் திருச்செந்தூர் போனால் கால் நனைப்பதோடு சரி. அப்படிப்பட்டவன் உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் 650 ரூபாய் கொடுத்து பிரெஞ்சு–ஆங்கிலக் கப்பல் சொல் அகராதி வாங்கி வந்தால் வீட்டில் என்ன பேச்சு விழுந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

"எறநூறு வருசத்துப் பொஸ்தகமுங்ணா" என்றார் கடைக்காரர். ஆண்டு போட்ட முதல் தாள் கிழிந்துபோனது அவருக்கு வசதி. வீட்டில் புரட்டினால், கப்பலின் இடப்பக்கமான 'பாபோர்' என்ற சொல்லுக்கு 'போர்ட்' என்று போட்டு, 'லார்போர்ட்' பழைய வழக்கு என்றிருக்கிறது. வலப்பக்கமான ஸ்டார்போர்டோடு சேர்ந்து காதில் குழம்புகிறதென்று பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை விட்டது 1844இல். எறநூறு அங்கேயே அடிபட்டுப் போச்சு.

சரி, காசு வீணா என்றால் இல்லை. எனக்குக் கயிறு போதும், அது பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது. நாம் புரி என்பது அவர்களுக்கு 'தொரோன்'. தேர்வடம் மாதிரி தடித்தது 'ஓசியேர்'. பாயை ஏற்றும் கயிறு 'திரீஸ்'. பாயின் மூலையை இழுத்துப் பிடிப்பது 'எகூத்'; அதற்கு ஆங்கிலத்தில் 'ஷீட்'. பாயைத்தான் ஷீட் என்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்! 'காயர்' என்ற சொல்லும் இருக்கிறது. அது மலையாளக் கரையிலிருந்து போன நம்ம கயிறுதான்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் புதுச்சேரிக்காரர் போனில் ஒன்று சொன்னார், அகராதியில் அது இல்லை. பிரெஞ்சு மாலுமிகள் கப்பலில் கயிற்றை 'கோர்த்' என்று சொல்லவே மாட்டார்களாம், ஆகாதாம். மணியில் தொங்குவதற்கு மட்டும் அந்தப் பெயர் உண்டு. தோட்டத்தில் ராத்திரி பாம்பைப் பூச்சி என்போமே, அந்தக் கதைதான். மில்லில் சொன்னேன். திரிக்கிற அக்கா சிரித்துவிட்டு, "அப்ப நம்ம மில்லுக்கு என்னன்னுங் பேரு வெப்பாங்க?" என்றார்.

குறை இருக்கிறது. எழுத்து எள்ளு மாதிரி, பூதக்கண்ணாடி இல்லாமல் ஆகாது. ஒரு படம்கூடக் கிடையாது. 'மிசேன்' பிரெஞ்சில் முன்னால் நிற்கும் பாய்மரம், ஆங்கில 'மிஸன்' பின்னால் நிற்பது. படம் இல்லாமல் இது மண்டையில் ஏற எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அட்டையோரம் செல் அரித்து, எடுத்தாலே மடியில் மாவு கொட்டுகிறது. 400 சொல்லியிருந்தால் நியாயம். பேரம் பேசாதது என் தப்பு.