ஜெல், மெமரி ஃபோம், கெட்டி அட்டை: குதிக்கால் வலிக்கு எந்த இன்சோல்?

திருகோணமலையில் குதிக்கால் வலி என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் நாள் முழுக்க நின்று உழைக்கிறவர்கள். வாட்டில் நிற்கும் தாதியர், வகுப்பில் நிற்கும் ரீச்சர்மார், கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை உட்காரக் கிடைக்காத புடைவைக் கடைப் பிள்ளைகள், சீனக்குடாப் பக்க ஆலைகளில் இரும்பு முனைச் சப்பாத்தோடு வேலை செய்கிறவர்கள். "இன்சோல் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது?" என்று, சப்பாத்துக்குள் வைக்கும் அட்டையைப் பற்றி, இவர்களில் யார் கேட்டாலும் நான் திருப்பி இரண்டு விஷயம் கேட்பேன். வலி பாதத்தில் எந்த இடத்தில்? நாளில் அதிக நேரம் காலில் என்ன போட்டிருக்கிறீர்கள்? இந்த இரண்டும் தெரியாமல் ஒன்றைவிட மற்றது நல்லது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

முதலில் வலியின் இடம். குதிக்கால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் குழிவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். அது எலும்பில் ஒட்டும் இடம் புண்பட்டால், காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது சுரீர் என்று வலிக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும், கனநேரம் இருந்துவிட்டு எழும்பினால் திரும்ப வரும். காலின் பெருவிரலை மேல்நோக்கி வளைத்துப் பிடித்துக்கொண்டு, குதிக்காலின் உட்பக்கம், சற்று முன்னால், கையின் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அந்த ஒரு புள்ளியில் நோவு இருந்தால் பெரும்பாலும் இதுதான். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு வரும் குதிக்கால் வலியில் அதிகம் இந்த வகை.

இரண்டாவது வகையில் வலி குதிக்காலின் நட்டநடுவில் இருக்கும். காலையில் அவ்வளவு இராது. மாபிள் நிலத்திலோ சீமெந்திலோ நிற்க நிற்கக் கூடிக்கொண்டே போகும். குதிக்காலுக்கு அடியில் இயற்கையாகவே ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. வயது போகப் போக அது மெலிந்து பக்கவாட்டில் பரவும், அதனால் வரும் வலி இது. மூன்றாவது, விரல்களுக்குச் சற்றுப் பின்னால், முன்பாதத்தில் வரும் எரிவும் வலியும். ஒடுங்கிய முனைச் சப்பாத்தும் உயர்ந்த குதியும் போடுகிறவர்களிடம் இது அதிகம்.

எக்ஸ்ரேயில் குதிக்காலில் எலும்பு முள் தெரிகிறது என்று சொன்னால் பலர் பயந்துபோகிறார்கள். வலியே இல்லாத நிறையப் பேரின் எக்ஸ்ரேயிலும் அந்த முள் இருக்கும். முள்ளுக்கென்று நடுவில் ஓட்டை போட்டு விற்கும் அட்டையைத் தேடி அலைய வேண்டாம்.

இப்போது கடைத் தட்டில் இருப்பவற்றுக்கு வருவோம். ஜெல் என்று விற்பதில் இரண்டு வேறு சாமான்கள் இருக்கின்றன, ஆட்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஒன்று முழுப்பாதத்துக்கும் விரிக்கும் தட்டையான ஜெல் அட்டை. கையில் எடுத்தால் குளுகுளு என்றிருக்கும், போட்ட உடனே சுகமாக இருக்கும், ஆனால் அதற்கு வடிவம் கிடையாது. பாதத்தின் குழிவையும் அது தாங்காது, குதிக்காலையும் பிடித்து வைக்காது. மற்றது குதிக்காலுக்கு மட்டும் வைக்கும் சிலிக்கோன் கிண்ணம். விளிம்பு உயர்ந்து, பரவிப்போன கொழுப்பு மெத்தையைத் திரும்ப எலும்புக்கு அடியில் சேர்த்துப் பிடிக்கும். நடுக்குதியில் வலி உள்ளவர் வேறெதையும் யோசிக்காமல் முதலில் வாங்க வேண்டியது இந்தக் கிண்ணம். விலையும் குறைவு. இரண்டு காலுக்கும் போடுங்கள். ஒரு காலுக்கு மட்டும் போட்டால் அந்தக் கால் உயர்ந்து இடுப்பு நோகத் தொடங்கலாம்.

மெமரி ஃபோமைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. 1966இல் நாசாவின் ஆய்வுக்கூடமொன்றில் விமான இருக்கைகளுக்காக உருவான பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி உருவம் எடுப்பது அதன் குணம், நம்மூரில் அதுவே அதன் குறை. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் சப்பாத்துக்குள் இருக்கும் சூட்டில் அது இளகி, மத்தியானத்துக்குள் அமுங்கிவிடும். ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். தொழுகைக்கு வுழூச் செய்து, அதாவது கைகால் கழுவிவிட்டு, கால் முழுதாகக் காயமுன் சப்பாத்துப் போடுகிறவர்களுக்கும், மார்கழி மழையில் நனைந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது சரிவராது. நாற்றம் மட்டுமில்லை, விரலிடுக்கில் பங்கசும் வரும்.

மூன்றாவது, ஈ.வி.ஏ. என்ற கெட்டியான நுரைப்பொருளில் குழிவுக்கு மேடும் குதிக்காலுக்குப் பள்ளமும் வைத்து வார்த்த அட்டை. சிலவற்றில் அடியில் பிளாஸ்டிக் தகடும் இருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் சூப்பர்ஃபீட் போன்றவை இந்த வகை. முதல் முறை போடும்போது அட்டை காலைக் குத்துகிறது என்று பலர் கழற்றிவிடுவார்கள். ஆனால் காலையில் முதல் அடியில் வலிக்கிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். டச்சுக்குடாவின் காய்ந்த மணலில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். மென்மைதான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கால் புதைந்து கெண்டைக்கால் களைத்துப்போகும். அதே கரையில் அலை நனைத்த இறுகிய மணலில் நடந்தால் கால் இலேசாகப் போகும். வெறும் மென்மையான அட்டைக்கும் வடிவமுள்ள கெட்டி அட்டைக்கும் உள்ள வித்தியாசம் அப்படித்தான். புண்பட்ட நார்ப்பட்டைக்கு மெத்தை மட்டும் போதாது. இழுபடாமல் தாங்குவதற்கு அடியில் ஏதாவது இருக்க வேண்டும்.

கடையில் கெட்டி அட்டையைச் சோதிக்கும் விதம் எளிது. குழிவு மேட்டைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். சுலபமாகத் தட்டையானால் உங்கள் எடைக்கு அது ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது. குதிக்கால் பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். சப்பாத்தைக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கும் அட்டையைக் கழற்றிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், இல்லாவிட்டால் குதிக்கால் மேலே எழும்பிச் சப்பாத்து கழன்று கழன்று வரும். வெட்ட வேண்டியிருந்தால் பழைய அட்டையை மேலே வைத்து விரல் பக்கத்தில் மட்டும் வெட்டுங்கள். முதல் நாள் ஒன்றிரண்டு மணித்தியாலம் போதும். அப்புறம் ஓரிரு கிழமையில் மெல்ல மெல்லக் கூட்டலாம்.

முன்பாத வலிக்கு வேறு பொருள் இருக்கிறது: சிறிய முட்டை வடிவப் பஞ்சு மேடு. அதை வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டக்கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால் ஒட்ட வேண்டும். அதோடு அகலமான முனையுள்ள சப்பாத்துக்கு மாறாமல் எந்த மேடும் உதவாது.

அப்புறம், பாதத்தை அச்செடுத்துச் செய்யும் அட்டை. விலை கூடியது என்பதால் அதுதான் மிகச் சிறந்தது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 1999இல் அமெரிக்காவில் நார்ப்பட்டை வலியுள்ள 236 பேரை எட்டுக் கிழமை பார்த்த ஆய்வொன்று வெளிவந்தது. எல்லோரும் கால் நீட்டும் பயிற்சி செய்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களில் 72 வீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. பயிற்சியோடு சிலிக்கோன் குதிக்கிண்ணம் போட்டவர்களில் 95 வீதம், அச்செடுத்த கெட்டி அட்டை போட்டவர்களில் 68 வீதம். 2006இல் ஆஸ்திரேலியாவில் 135 பேரிடம் நடந்த ஆய்வில், அச்செடுத்த அட்டையும் கடையில் கிடைக்கும் வார்த்த அட்டையும் மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஒரே அளவு சிறிய உதவிதான் செய்தன. பன்னிரண்டாம் மாதத்தில் பார்த்தால், பெயருக்கு வைத்த மெல்லிய அட்டைக்கும் இவற்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த நார்ப்பட்டை வலி ஒரு வருடத்துக்குள் தானாகவே ஆறிவிடும். இடையில் நிற்கவும் நடக்கவும் வேலைக்குப் போகவும் இன்சோல் கைகொடுக்கிறது, அதன் பங்கு அவ்வளவுதான். அதற்காகக் கடன்பட்டுக் கொழும்புக்குப் போய் அச்செடுக்கத் தேவையில்லை. பாதம் உருக்குலைந்தவர்கள், புண் வந்து ஆறியவர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்கள் வேறு. அவர்களுக்கு அச்செடுத்ததே தேவைப்படலாம், அதை வைத்தியர்தான் எழுதித் தர வேண்டும்.

காந்தம் வைத்த அட்டையும் கடைகளில் கிடைக்கிறது. 2003இல் அமெரிக்காவில் காந்த அட்டையையும் காந்தமில்லாத போலி அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இரண்டும் ஒரே பலனைத்தான் தந்தன. அந்தக் காசுக்கு நல்ல செருப்பு ஒன்று வாங்கலாம்.

செருப்பு என்றதும் எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டேன். இன்சோலைப் பற்றிய எழுத்து எல்லாம் நாள் முழுக்கச் சப்பாத்துப் போடும் நாட்டு மக்களுக்கு எழுதியது. நாங்கள் அப்படியில்லை. என் பெரியம்மா ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர். வேலைக்காலம் முழுக்கச் சேலைக்கு மெல்லிய வார்ச் செருப்புத்தான் போட்டார். அதற்குள் எந்த இன்சோலை வைப்பது? ஒட்டும் ஜெல் துண்டுகளை வாங்கி ஒட்டினோம். வியர்வையும் மணலும் சேர்ந்து சில நாட்களிலேயே உரிந்து, ஓரத்தில் கறுப்பாக அழுக்கு உருண்டு நின்றது. வீட்டுக்கு வந்தால் செருப்பைப் படியில் கழற்றிவிட்டுச் சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு குசினிக்கும் கிணற்றடிக்கும் நடப்பார். காலையில் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் குசினிக்குப் போவார். அவருக்கு மாற்றம் தந்தது வீட்டுக்குள் போடும் செருப்பு. குழிவு மேடும் குதிப்பள்ளமும் சேர்த்து வார்த்த ஈ.வி.ஏ. செருப்பொன்றை வீட்டுக்கென்று ஒதுக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். முதல் அடியே அதில்தான். எழும்புமுன் துவாயொன்றைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியையும் விடவில்லை.

ஆகவே வெளியே வார்ச் செருப்புப் போடுகிறவர் இன்சோலைத் தேட வேண்டாம், தாங்கலுள்ள செருப்பைத் தேடுங்கள். கோர்க் அடித்தட்டில் பாதத்தின் வடிவம் பதித்த வகையும் நல்லது, பின்வார் உள்ளது இன்னும் நல்லது. தட்டையான றப்பர் பாட்டாச் செருப்பு மலிவு என்பதைத் தவிர இந்த வலிக்கு எதுவும் செய்யாது. செருப்பு கழன்று போகாமல் விரல்களால் கவ்விக்கொண்டே நடப்பதால் பாதம் கூடுதலாகக் களைக்கும்.

பாதுகாப்புச் சப்பாத்துப் போடுகிறவர்கள் தடித்த முழு அட்டையைத் தவிர்க்க வேண்டும். கால் மேலே எழும்பி விரல்கள் இரும்பு முனையில் உரசும். முக்கால் நீளக் கெட்டி அட்டை விரல்களுக்கு அடியில் வராது, இவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

எந்த வகையானாலும் இரவில் சப்பாத்திலிருந்து வெளியே எடுத்துக் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம், சூட்டில் ஈ.வி.ஏ. சுருங்கும். அலுமாரியில் கனகாலம் கிடந்த சப்பாத்தை எடுத்துப் போட்டதும் அடித்தட்டு துகள்துகளாக உதிர்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். பொலியூரித்தேன் ஈரக்காற்றில் அப்படித்தான் சிதையும். அந்தப் பொருளில் செய்த இன்சோலும் அதற்கு விலக்கல்ல, மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு மூன்று சோடி வாங்கி அடுக்க வேண்டாம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கெட்டி அட்டையின் ஓரம் உரசிப் புண் வந்தாலும் தெரியாது. முள்முள்ளாக மேடு வைத்த மசாஜ் அட்டையைத் தொடவே கூடாது. இந்தியாவில் மைக்ரோசெல்லுலார் றப்பர் வைத்த செருப்புகளைத் தொழுநோயாளருக்கும் நீரிழிவு நோயாளருக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். மென்மை, ஆனால் உடனே அமுங்கிவிடாது. அந்த மாதிரி அடித்தட்டு, அகலமான முனை, உள்ளே தையல் துருத்தாத துணி, இவைதான் இவர்கள் பார்க்க வேண்டியவை. கிளினிக்குக்குப் போகும்போது பாதத்தையும் காட்டிக் கேளுங்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போனால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே நடக்க வேண்டும். உச்சி வெயிலில் சூடேறிய கல், உணர்ச்சி குறைந்த பாதத்தைச் சுட்டுவிடும், வீட்டுக்கு வந்து கொப்புளத்தைக் கண்ட பிறகுதான் தெரியவரும். காலைப் பூசைக்கு, நிலம் குளிர்ந்திருக்கும்போது போங்கள். காலுறை போட்டு வரலாமா என்று கோயிலில் கேளுங்கள், வருத்தத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். திரும்பி வந்து செருப்புக்குள் கால் வைக்குமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல்லோ சிப்பித் துண்டோ இருந்தால் கை கண்டுபிடித்துவிடும். வீட்டில் இரண்டு பாதத்தையும் கழுவித் துடைத்து, கண்ணாடியொன்றை நிலத்தில் வைத்து அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டுப் படுங்கள். சிவப்போ வீக்கமோ புதிய புண்ணோ கண்டால் இன்சோலை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.