மயில் கேக்குக்கு ஸ்ட்ராவா, மரக்குச்சியா, மரைக்கம்பியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாணக் கேக் செய்கிறவர்கள் சந்தித்தால் இந்த வாக்குவாதம் வராமல் போகாது: அடுக்குகளைத் தாங்கக் கேக்குக்குள் எதைச் செருகுவது நல்லது? கனம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேராக நிற்கும் மூன்றடுக்குக் கேக்குக்கு அகலமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவே போதும். பாரம் செங்குத்தாக இறங்கும்வரை அது மடங்காது. கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம். குழல் என்பதால் கேக்கை விலக்கித் தள்ளாமல் இறங்கும். காகித ஸ்ட்ரா மட்டும் வேண்டாம், கிரீமின் ஈரத்தில் ஊறிவிடும்.

மரக்குச்சியைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். அதற்கு வலு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரம்பத்தால் அறுக்கும்போது ஒரு குச்சி 2 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டாலும் மேலடுக்கு அதன் மீதே ஏறிச் சாய்ந்து நிற்கும். ஒன்றைக் கேக்கில் இறக்கி, ஐசிங் மட்டத்தில் கோடிட்டு வெளியே எடுத்து, மற்றவற்றையும் அதே அளவுக்கு வெட்டுவதுதான் சரி. புரட்டாசியில் நம் வீடுகளில் கேட்கும் முட்டையில்லாக் கேக் எளிதில் உதிரும். தடித்த குச்சிகளைச் செருகினால் விரிசல் விடும். மரத்துக்கு உரிய இடம் வேறு. நுனி சீவிய நீளமான ஒரு குச்சியை எல்லா அடுக்குகளையும் துளைத்து அடிப்பலகைவரை அடித்து இறக்கினால் அடுக்குகள் வழுக்காது. ஸ்ட்ராவால் அது முடியாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே என் தேர்வு.

எதைச் செருகினாலும் ஒவ்வோர் அடுக்கின் கீழும் அட்டை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தாங்க வைத்த குச்சியே மேல் கேக்கைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும்.

தைப்பூசத்துக்கு மயில் உருவம் கேட்டால் கதையே மாறுகிறது. முன்னால் நீளும் கழுத்து, கனத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஸ்ட்ரா மடங்கும். மரக்குச்சியின் அடியைப் பிடித்திருப்பது வெறும் மெத்தென்ற கேக்தான், அதுவும் சாயும். இங்கே மரைக்கம்பிதான், அதாவது திருகுமரை வெட்டிய உலோகக் கம்பிதான், ஒரே வழி. கனமான ஒட்டுப்பலகையில் துளையிட்டு, கம்பியை அதில் நிறுத்தி, மேலும் கீழும் வாஷர் வைத்து நட்டுகளைக் கொண்டு இறுக்க வேண்டும். கீழ் நட்டு மேசையில் இடிக்காதபடி பலகைக்குக் கால்கள் தேவை. ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு வைத்து, அதையும் ஒரு நட்டின் மேல் தாங்கச் செய்யுங்கள். உலோகம் கேக்கைத் தொடாதபடி உணவுக்கு ஏற்ற குழாயைக் கம்பிக்குப் போர்த்துங்கள். தலைக்கும் கழுத்துக்கும் கேக் வேண்டாம், அரிசிப் பொரியையும் உருக்கிய மார்ஷ்மெல்லோவையும் பிசைந்து பிடித்தால் எடை குறையும். சைவக் குடும்பமென்றால் ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோவைத் தேடி வாங்குங்கள். இது அவர்களுடைய விரதம், அசட்டை கூடாது.

கம்பிக்குச் செலவும் உழைப்பும் அதிகம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை மேட்டுச் சாலையில் போவதென்றால் ஸ்ட்ரா வைத்த அடுக்குகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே அடுக்கலாம். மயில் முழுதாகத்தான் போகும். காரின் இருக்கை சரிவானது, அதில் வைக்காதீர்கள். பின்புறச் சமதளத்தில் வையுங்கள். ஜனவரிப் புழுக்கத்தில் பட்டர்கிரீம் இளகினால் எந்தக் கம்பியும் அதைப் பிடித்து நிறுத்தாது. வெளிப்பூச்சுக்குக் கறுப்புச் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு சேர்த்த கனாஷே நம்பகமானது.

கேக்கை ஒப்படைக்கும்போது எத்தனை ஸ்ட்ரா, எங்கே குச்சி, எங்கே கம்பி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெட்டுகிறவர் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்த பிறகே குழந்தைகளுக்குத் துண்டு போக வேண்டும்.