ஃப்ரெஞ்ச் மரியாதை வார்த்தைங்க: தமிழ்ல எழுதி படிக்கிறதா, காதால கேட்டு படிக்கிறதா?

போன்ஜூர் (வணக்கம்), மெர்சி (நன்றி), சில் வூ ப்ளே (தயவுசெஞ்சு) எல்லாத்தையும் தமிழ்ல எழுதி மனப்பாடம் பண்றவங்க நிறைய. அதுல ஒரு நல்ல லாபம், 'ப்ளே'ன்னு எழுதிட்டா ஃப்ரெஞ்ச் ஸ்பெல்லிங்ல கடைசில இருக்கற, வாயில வராத 'ட்' பக்கமே போக மாட்டீங்க. நன்றிக்கு பதிலா 'பரவாயில்லங்க'ன்னு சொல்ற 'ஜ வூஸான் ப்ரீ'ல வார்த்தைங்க ஒட்டிக்கற எடமும் பளிச்சுனு தெரியும்.

ஆனா போன்ஜூர்லயே மாட்டிக்குவீங்க. அங்க 'ன்' கெடையாதுங்க, நாக்கு மேல தொடவே கூடாது, 'போ' சொல்லும்போதே காத்து மூக்கு வழியாவும் போகணும், அப்புறம் 'ஜூ'வும் நம்ம ஜ இல்ல, 'ஷ' சொல்லிட்டே தொண்டைய அதிர விடணும், ர் தொண்டைக்கு உள்ள இருந்து வரும். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஹாய் மாதிரி சொல்ற 'சல்யூ'ல கடைசில வர்ற உயிரெழுத்துக்கு தமிழ்ல எழுத்தே இல்ல, ஈ சொல்லிக்கிட்டே உதட்ட மட்டும் ஊ மாதிரி குவிச்சு பாருங்க, அதான்.

இதுக்கெல்லாம் காதுதான் வழி. டிவி5மாண்ட்ங்கற ஃப்ரெஞ்ச் டிவி சேனலோட சைட்ல ஃப்ரீயாவே பாடம் இருக்கு, ஒரு வரி கேட்டு, நிறுத்தி, சத்தமா சொல்லுங்க. வேகமா பேசுறப்ப சில் வூ ப்ளே 'சிவ்ப்ளே' ஆயிடும், இத பேப்பர் சொல்லித்தராது.

என் ஓட்டு காதுக்குத்தான். அடுத்த வாரமே பாரிஸ் ஃப்ளைட்னா மட்டும் பேப்பர் போதும், கடைக்குள்ள நுழைஞ்சதும் மொதல்ல போன்ஜூர் சொல்லிடுங்க, உச்சரிப்பு தப்புனா பொறுத்துப்பாங்க, சொல்லாம விட்டா மரியாதை இல்லன்னு நெனைப்பாங்க.