சுவரோவியத் துணி: வீவக கீழ்த்தளத்துக்கு வாங்கலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறோம். மூத்தோரையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் சுவரோவியம் செய்யப்போகிறீர்கள் என்றால், மேசையில் தீட்டிப் பிறகு சுவரில் ஒட்டும் இந்தத் துணியைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் துணி மிச்சப்படுத்துவது தலைமை ஓவியரின் நேரத்தைத்தான். அந்த வேலை எங்கேயும் போய்விடுவதில்லை. விடுமுறைப் பயிற்சிக்கு வந்த கலைக்கல்லூரி மாணவர்கள் தலையில் விழுகிறது, பெரும்பாலும் சம்பளமில்லாமல். வாங்குகிறவர்கள் துணி, வண்ணம், பசை மூன்றுக்கும் கணக்குப் போடுகிறார்கள். மாணவரின் மணிக்கணக்கு எந்தத் தாளிலும் வருவதில்லை. இங்கே நான்கையும் சேர்த்தே எடைபோடுகிறோம்.

பாலிடேப் என்றும் பாரசூட் துணி என்றும் இதைச் சொல்வார்கள். மெல்லிய, நெய்யாத பாலியெஸ்டர் துணி. சட்டைக் காலருக்குள் தையல்காரர்கள் வைக்கும் உள்துணி இனம். 1984இல் தொடங்கிய பிலடெல்பியா சுவரோவியத் திட்டம் இந்த முறையைப் பெரிய அளவில் கையாள்கிறது. படத்தைக் கட்டங்களாகப் பிரித்துத் துணியில் கோடு போட்டு, பள்ளிக்கும் சிறைக்கும்கூட அனுப்பி, அங்குள்ளவர்கள் வண்ணம் தீட்டியதை வாங்கிவந்து சுவரில் ஒட்டுவார்கள். ஒழுங்காக ஒட்டினால் சுவரிலேயே தீட்டியதுபோல இருக்கும். விரலால் தடவினாலொழிய துணி என்று தெரியாது.

அமெரிக்க விற்பனையாளர்களிடம் 5 அடிச் சதுரங்களாகக் கிடைக்கிறது. கப்பல் செலவு கட்டுப்படியாகாதவர்கள் உள்ளூர்த் தையல் பொருள் கடைகளில் உள்துணி தேடலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது. உள்துணியில் இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டும் வகையும் உண்டு, தைக்கும் வகையும் உண்டு. ஒட்டும் வகையின் ஒரு பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொடிப்பொடியாகப் பசைப் புள்ளிகள் மினுங்கும். அந்தப் புள்ளிகள், துணியைச் சுவரில் ஒட்டும் பசையான நீர்சார்ந்த அக்ரிலிக் ஜெல்லை உறிஞ்சவிடாது, ஓரம் கழன்றுவிடும். தைக்கும் வகை மட்டுமே வேண்டும். மொத்தமாக வாங்குமுன் ஒரு சாண் துண்டில் வண்ணம் பூசி, காயவைத்து, பலகையில் ஜெல்லால் ஒட்டி, மூன்று நாள் கழித்து மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். துணி கிழியவேண்டும், பசை விடக்கூடாது. அப்படியென்றால் அது தேறும். ஜெல், ஜெஸ்ஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சு, அக்ரிலிக் வண்ணங்கள் ஆகியவற்றுக்கு பிராஸ் பாசா காம்பிளெக்ஸ் கலைப்பொருள் கடைகளே போதும்.

6 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் உள்ள சுவர் என்று வைத்துக்கொள்வோம். 12 சதுர மீட்டர்; ஒன்றரைக்கு ஒரு மீட்டர் அளவில் எட்டுத் துண்டு. கெட்டுப்போனால் மாற்றுவதற்கு இன்னும் ஒன்று. சுவருக்கும் துணியின் பின்புறத்துக்கும் சேர்த்து, ஒரு லிட்டர் ஜெல் ஏறக்குறைய 2.5 சதுர மீட்டருக்கு வரும். ஆக 5 லிட்டர், கைவசம் இன்னொரு லிட்டர். பொதுவாகத் துணியைவிட ஜெல்லுக்குத்தான் பணம் அதிகம் போகும். அதைக் குறைக்க மரவேலைப் பசையை வாங்கிக் கொடுக்கும் ஏற்பாட்டாளர்கள் உண்டு. சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் மறுபடியும் இளகும். கீழ்த்தளத்தில் மழைச்சாரல் படும், துப்புரவுக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அங்கே அது நிற்காது.

இந்த முறையின் உண்மையான பலம் மேசையில் தெரிகிறது. முழங்கால் வலிக்காரர் ஏணி ஏற வேண்டாம், சக்கர நாற்காலியில் இருப்பவரும் பங்கெடுக்கலாம், மழை வந்தால் துண்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். ஆனால் கீழ்த்தளத்துச் சதுரங்கக் கட்ட மேசைகளை நம்பி வராதீர்கள். அவை சிறியவை, நாற்காலிகள் தரையில் பதிந்தவை, ஒன்றரை மீட்டர்த் துண்டு இருபுறமும் தொங்கும். சமூக மன்றத்தில் மடக்கு மேசைகள் கேட்டு வாங்கி இரண்டிரண்டாகச் சேர்த்துப் போடுங்கள். மின்தூக்கிக்கும் மாடிப்படிக்கும் போகும் வழியை மறிக்காமல் போடவேண்டும்.

மேசையில் முதலில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் துணி. வண்ணம் துணியின் வழியாகக் கீழே இறங்கும். விரிப்பு இல்லாவிட்டால் மேசையோடு ஒட்டிக்கொள்ளும். முன்னதாகவே தண்ணீர் கலந்த ஜெஸ்ஸோ ஒரு கை பூசிக் காயவைத்திருந்தால் இறங்குவது குறையும். எந்த இடத்தில் எந்த வண்ணம் என்று காட்டும் கோடும் எண்ணும் போட பென்சில்தான் நல்லது. நிரந்தர மார்க்கர் பேனாவால் போட்ட கோடு, மேலே எத்தனை கை அக்ரிலிக் பூசினாலும் மெல்ல ஊறி மேலே வந்துவிடும். வெளிர்நிற வானத்தில் ஊதா நிறத்தில் ‘14’ என்று எண் எட்டிப்பார்ப்பது இதனால்தான். பென்சிலிலும் லேசாக, பெரிதாக எழுதுங்கள்.

வண்ணங்களை எண்ணிட்ட மூடிக் குப்பிகளில் முன்கூட்டியே கலந்து வைக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கலக்கவும், ஏனென்றால் அதே நிறத்தை மறுபடி பிடிப்பது மிகச் சிரமம். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். மூடியின்மேல் எண்ணோடு அந்த வண்ணத்தையே ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டால் மொழி தெரியாதவருக்கும் சிக்கல் இல்லை. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளடிக்கும். வெளிர் மஞ்சளும் வெள்ளையும், கருநீலமும் கறுப்பும் பிரித்தறிய முடியாமல் போகும். அந்த ஜோடிகள் பக்கத்துப் பக்கத்தில் வராமல் படத்தை வடிவமைப்பது மாணவரின் பொறுப்பு. கை நடுங்குபவருக்கு அகலத் தட்டைத் தூரிகையின் பிடியில் பஞ்சுக்குழாய் சுற்றிக் கொடுங்கள். ஒளிரும் இளஞ்சிவப்பு, ஒளிரும் பச்சை வேண்டவே வேண்டாம். பட்டறையில் எல்லாருக்கும் பிடிக்கும், வெயில் படும் பக்கத்தில் சீக்கிரமே வெளுத்துவிடும்.

ஒரு குறையை அழுத்திச் சொல்லவேண்டும். எண் பார்த்து நிரப்பும் முறை மூத்தோரை வெறும் நிரப்புபவர்களாக்கிவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளாகச் சிக்குக் கோலம் போட்ட பாட்டியிடம் “ஆன்ட்டி, 7ஆம் நம்பரை இங்கே பூசுங்க” என்று சொல்வது அவருடைய கைத்திறனை வீணாக்குவது. எட்டில் இரண்டு துண்டையாவது வெறுமையாக விட்டு, புள்ளி வைப்பதிலிருந்து அவரிடமே ஒப்படையுங்கள். மாவு இழுத்துப் பழகிய விரல்களுக்குத் தூரிகை ஒத்துவராது. கூர்மூக்கு உள்ள பிளாஸ்டிக் குப்பியில் வெள்ளை அக்ரிலிக்கைத் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள், இழை அறுபடாமல் ஓடும். கட்டியாக இருந்தால் கோடு மேடு தட்டும். பின்னால் ஒட்டும்போது தட்டைத் தகட்டால் தேய்க்க முடியாமல் அந்த மேட்டின் இருபுறமும் காற்று தங்கும். அந்தத் துண்டுகளுக்கு மட்டும் தகட்டுக்குப் பதில் மென்மையான ரோலர் போடவும்.

தீட்டிய துண்டுகளைச் சேமிப்பதில்தான் அதிக நஷ்டம் வருகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அக்ரிலிக் காய்ந்த பிறகும் லேசாகப் பிசுபிசுக்கும். முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, பிரிக்கும்போது வண்ணத்தை உரித்துக்கொண்டு வரும். இடையில் பேக்கிங் தாள் வைத்து, தீட்டிய பக்கம் வெளியே வரும்படி, தடித்த பிவிசி குழாயில் சுருட்டவேண்டும். செய்தித்தாள் வைத்தால் அச்செழுத்து வண்ணத்தில் ஏறிவிடும்.

அடுத்து சுவர். புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு தூரிகையும் படக்கூடாது. 1966ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டம் நல்லெண்ணத்தைக் கேட்காது. அனுமதி கேட்கும்போதே அந்த புளோக்குக்கு அடுத்த சாயப்பூச்சு எப்போது என்றும் கேளுங்கள். அது ஏறக்குறைய ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அடுத்த ஆண்டே வரப்போகிறது என்றால் வேறு சுவரைப் பாருங்கள்.

கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் பழைய சாயம் பொடிந்திருக்கிறது; சோப்பு நீரில் கழுவி, காயவிட்டு, அடிப்பூச்சு கொடுத்த பிறகே ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் ஜெல் சுவரைப் பிடிக்காமல் அந்த மாவைப் பிடிக்கும், மொத்தமும் தகடாகக் கழன்று வரும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு புறமும் நாடாவால் ஒட்டி ஓர் இரவு முழுக்க விடுங்கள். காலையில் உட்புறம் பனித்திருந்தால் சுவரின் மறுபக்கம் குழாயோ கழிவறையோ இருக்கக்கூடும். அங்கே எந்தப் பசையும் நிலைக்காது. வழவழப்பான ஓடு பதித்த தூண்களையும் விட்டுவிடுங்கள்.

ஒட்டும் வேலைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் சுவரில் ஜெல் பூசுவார், ஒருவர் துணியின் பின்புறத்தில் பூசுவார், மூன்றாமவர் தகட்டோடு தயாராக நிற்பார். நடுவில் முதலில் பதித்து ஓரம் நோக்கித் தள்ளவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்று நடுவில் சிறைப்படும். துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு செ.மீ. மேலேறவிட்டு, புதிய கத்தித்தகட்டால் இரண்டு அடுக்கையும் ஒரே கோட்டில் வெட்டி, மிஞ்சிய நாடாக்களை உருவிவிட்டால் இணைப்பு தெரியாது. மழுங்கிய கத்தி துணியை இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வோர் இணைப்புக்கும் கத்தித்தகட்டின் மழுங்கிய முனையை ஒடித்துக்கொள்ளுங்கள். பிறகு தெரியும் குமிழியைக் கத்தி முனையால் கீறி, ஊசியில்லாத சிரிஞ்சால் ஜெல் செலுத்தி அழுத்தலாம். வெளி ஓரங்களில் சுவருக்கும் துணிக்கும் சேர்த்து இரண்டு விரல் அகலத்துக்கு ஜெல் பூசவும். பிள்ளைகளின் நகம் முதலில் தேடுவது அந்த ஓரத்தைத்தான்.

ஜூன், ஜூலையில் விடியற்காலையில் சுமத்ரா காற்றோடு மழை பக்கவாட்டில் அடிக்கும். முதல்நாள் மாலை ஒட்டியது அதற்குள் இறுகியிருக்காது. திறந்த பக்கத்துச் சுவரென்றால் காலை மழை விட்ட பிறகு ஒட்டத் தொடங்குவதே பாதுகாப்பு. ஜெல் பால்நிறம் மாறித் தெளிந்த பிறகும் ஒரு வாரமாவது பொறுத்துத்தான் மேல்வார்னிஷ் அடிக்கவேண்டும். திறப்பு விழாத் தேதிக்காக அவசரப்பட்டு அடித்தால் உள்ளே மாட்டிய ஈரம் மூட்டமாக நின்றுவிடும். அதை எடுக்க வழியில்லை.

மேலே சொன்ன எட்டுத் துண்டுகளுக்கு மணிக்கணக்கைப் பாருங்கள். வெட்டி, ஜெஸ்ஸோ பூசி, கோடும் எண்ணும் போட ஒரு துண்டுக்கு 4 மணி நேரம்: 32. இருபத்துநான்கு வண்ணம் கலக்க 8. இரண்டு மணி நேரப் பட்டறை நான்கு, ஒவ்வொன்றிலும் நான்கு மாணவர்கள்: 32. துண்டுக்கு 2 மணி நேரம் திருத்தம்: 16. சுவர் வேலைக்கு மூன்று பேர், இரண்டு முழு நாள்: 48. மொத்தம் 136 மணி நேரம். மூத்தோர் தூரிகை பிடிப்பது 8 மணி நேரம், புகைப்படத்தில் வருவதும் அதுதான். ஆளை வைத்துச் சுவரிலேயே நேரடியாகத் தீட்டினால் இதில் பாதி வேலை இருக்காது. துணியின் விலையை மட்டும் பார்த்து “மலிவு” என்று திட்ட அறிக்கையில் எழுதுவது நியாயமில்லை.

சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. அதனால் சம்பளமில்லாப் பயிற்சிக்குச் சேரும் மாணவர் தாமே கேட்டு எழுதி வாங்கவேண்டியவை சில உண்டு. படிப்போடு சேர்ந்த மதிப்பெண் உண்டா? போக்குவரத்தும் சாப்பாடும் யார் செலவு? காப்புறுதி உண்டா? சுவரில் பெயர்ப் பலகை வைத்தால் தம் பெயர் வருமா, படங்களைத் தம் தொகுப்பில் போட்டுக்கொள்ளலாமா? வடிவமைப்பு, வண்ணத் திட்டம், பட்டறை நடத்துவது ஆகியவற்றில் கை வைக்க விட்டால் அது பயிற்சி. எட்டு வாரமும் துணி வெட்டி எண் போடுவது மட்டும் என்றால் அது ஆள் வேலை, அதற்குக் கூலி கொடுக்கவேண்டும். ஏற்பாட்டாளர்கள் அந்த 136 மணி நேரத்தை வரவுசெலவுத் தாளில் ஒரு வரியாகவே போட்டு, சிறு தொகையாக இருந்தாலும் கொடுப்பதுதான் முறை.

இன்னொன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சுவர் உயரமாக இருந்தால் துணி முறையிலும் மேல்வரிசைத் துண்டுகளை ஒட்ட ஒருவர் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்கு, உயரத்தில் வேலை செய்வது பற்றிய 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அந்த வேலைக்கென்றே தனி அனுமதி (permit-to-work) வாங்கவேண்டும். இரண்டு மீட்டர் என்றாலே பயிற்சி பெற்றவர்தான் ஏறலாம். எனவே படத்தின் மேல்விளிம்பை, தரையில் நின்றோ இரண்டு படி முக்காலியில் நின்றோ எட்டும் உயரத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேலே கட்டாயம் வேண்டும் என்றால் உரிமம் உள்ள குத்தகையாளரை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். மாணவர் கீழே நின்று ஜெல் பூசிக் கொடுக்கட்டும்.